சுடாத வெளிச்சம்

பழக்கொட்டகையில் அவளுக்கு வேறு பெயரே கிடையாது. தொட்டியக்கா, அவ்வளவுதான். லாரியிலிருந்து இறங்குகிற ஆரஞ்சுப் பழங்கள் முதலில் வந்து விழுவது நீளமான ஒரு சிமென்ட் தொட்டியில். அதன் இரண்டு பக்கமும் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். கையை முழங்கை வரைக்கும் தண்ணீரில் விட்டுப் பழத்தைத் தேய்ப்பார்கள், அமுக்கிப் பார்ப்பார்கள். கொழகொழத்ததை ஓரத்துக் கூடையில் போட்டு, நல்லதை பெல்ட்டில் ஏற்றுவார்கள். அந்த வரிசையில் முதல் இடம் அவளுடையது. யாரும் கொடுத்த இடம் அல்ல. அவளுக்கு முன்னால் நின்றவர்கள் கல்யாணமாகிப் போனார்கள், நோய்வாய்ப்பட்டுப் போனார்கள், சண்டை போட்டுக்கொண்டு போனார்கள். அவள் போகாமல் நின்றதால் இடம் தானாக வந்து சேர்ந்தது.

பள்ளிக்கூடப் பையை வைத்துவிட்டுத்தான் அவள் அந்தத் தொட்டிக்கு வந்தாள். அம்மா போய்ச் சேர்ந்தாள். அப்பா வேறொரு வீட்டைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார். இடுப்பில் உட்கார்ந்த தங்கை மட்டும் மிச்சம். அந்தச் சின்னவளை வளர்த்து, படிக்க வைத்து, ஆளாக்கியது எல்லாம் தொட்டித் தண்ணீரில் ஊறிய இந்த இரண்டு கைகள்தான். இவளைக் கேட்டு யாராவது வந்தபோதெல்லாம், "முதல்ல சின்னவளுக்கு ஆகட்டும்" என்றாள். சின்னவளுக்கு ஆனது. அதற்குப் பிறகு இவளைக் கேட்டு வர ஆள் இல்லை.

கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். விரல் இடுக்குகளில் தோல் வெளுத்து, ஊறி, பிளந்து கிடக்கும். நகங்கள் மஞ்சளாகித் தடித்திருக்கும். வேலை முடிந்து கை காய ஆரம்பித்தால் அரிப்பு தொடங்கும். தொட்டியில் நிற்கிற எல்லாருக்கும் அது உண்டு. தொட்டிப்புண் என்பார்கள். கொட்டகையில் ரப்பர் கையுறை கொடுத்தார்கள்தான். உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டால் அது கையுறை இல்லை, இன்னொரு தொட்டி.

"நம்ம கையை ஒருத்தன் பிடிச்சான்னா வழுக்கிட்டே ஓடிப்போயிடுவான்" என்பாள் பக்கத்தில் நிற்பவள். அவள் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை என்பதால் ரேடியோ என்று பெயர். "அதுக்குத்தான் எம் புருஷன் என் தலைமுடியைப் பிடிக்கிறான்."

மற்றவர்கள் சிரிப்பார்கள். தொட்டியக்கா சிரிக்கமாட்டாள். அடுத்த பழத்தை எடுப்பாள்.

ஒரு தடவை டாக்டரிடம் போயிருக்கிறாள். அது வெகுகாலத்துக்கு முன்பு. "கையைத் தண்ணியில வைக்காதே" என்றார் அவர். மீனிடம் சொல்வதுபோல இருந்தது. அதற்கப்புறம் போகவில்லை. புண் கையோடு பிறந்தது மாதிரி பழகிவிட்டாள்.

சின்னவளுக்குக் குழந்தை பிறக்கும் வரைக்கும் அந்தக் கைகளால் ஒரு குறையும் வரவில்லை.

மாப்பிள்ளை மருந்துக் கம்பெனியில் விற்பனை வேலை பார்த்தார். கடை கடையாகவும் டாக்டர் டாக்டராகவும் ஏறி இறங்குகிற வேலை. அந்த ஊரிலேயே வேலை என்பதால் தொட்டியக்காவின் இரண்டு அறை வாடகை வீட்டிலேயே வந்து இருந்துகொண்டார். உள்ளறை அவர்களுக்கு, சமையலறையை ஒட்டிய முன்னறை இவளுக்கு. முன்னறைச் சுவரில் அவர் கம்பெனிக் காலண்டர் தொங்கியது. அதில் பெரிதாக ஒரு பாதம், பாதத்தைச் சுற்றிப் பச்சை வளையம். எழுத்தெல்லாம் அவளுக்குத் தெரியாத பாஷையில். தேதி கிழிக்கும்போதெல்லாம் அந்தப் பாதத்தைப் பார்ப்பாள். எவ்வளவு சுத்தமான கால் என்று தோன்றும்.

குழந்தை பிறந்த புதிதில் குளிப்பாட்டியது அவள்தான். காலை நீட்டிப் போட்டு, அதன் மேல் குழந்தையைக் குப்புறக் கிடத்தி, முதுகில் வெந்நீர் ஊற்றுவாள். குழந்தை அவள் முழங்காலைச் சப்பும். அந்த நாட்களில் வேலைக்குப் போகும் வழியெல்லாம் அவள் தனக்குள் சிரித்துக்கொண்டு போனாள் என்று ரேடியோ சொல்வாள். பிறகு ஒரு நாள் குழந்தையின் முதுகில் வட்டமாக ஒரு படை வந்தது. குழந்தை டாக்டர், "வீட்டுல யாருக்காவது தோல் வியாதி இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். சின்னவள் யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள் வழக்கம்போலக் கையை நீட்டினாள். சின்னவள் குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"கை சரியாகட்டும்க்கா. அப்புறம் தூக்கு. யாரு வேண்டாங்கறா?"

"சரியாகற கையா இது?"

"அப்போ என்னை என்னதான் பண்ணச் சொல்றே? பிள்ளை உடம்பெல்லாம் வரட்டும்னு விடவா?"

நியாயமான பேச்சுதான். இதே கைதானே உனக்கு ஊட்டியது என்று கேட்கலாம். கேட்டால் சண்டை வரும். சண்டையில் யார் ஜெயித்தாலும் குழந்தை உள்ளறையில்தான் இருக்கும். அன்றிலிருந்து அவள் குழந்தையை உள்ளறை வாசற்படியில் நின்று பார்த்தாள். அது இவளைப் பார்த்துக் கையைக் காலை உதைக்கும். இவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தலையை ஆட்டிக் காட்டுவாள்.

கொட்டகைக்கு வெளிச்சக் கூண்டு வந்தது அந்தச் சமயத்தில்தான். பழங்கள் தூரத்து ஊர்களுக்குப் போகிற வழியில் பச்சைப் பூஞ்சை பிடித்துப் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. அதற்காக வாங்கிய மெஷின். தகரத்தில் செய்த நீளமான பெட்டி. இரண்டு வாயிலும் ரப்பர்ப் பட்டைகளால் திரை. உள்ளே மேலே வரிசையாகக் குழல் விளக்குகள், கீழே உருளைகள். தொட்டியில் கழுவிக் காய்ந்த பழம் ஒரு வாயில் நுழைந்து, உருளைமேல் சுற்றிச் சுற்றிப் புரண்டு, எல்லாப் பக்கமும் வெளிச்சம் வாங்கிக்கொண்டு மறு வாயில் வெளியே வரும். வந்ததும் கறுப்புத் துணி மூடிய தள்ளுவண்டியில் போட்டு இருட்டறைக்குக் கொண்டுபோவார்கள்.

அதை ஓட்ட வந்த ஆளைக் கூண்டுக்காரர் என்று கூப்பிட்டார்கள். பேசப் பிடிக்கும் மனிதர். தொட்டிப் பெண்கள் எல்லாரையும் கூப்பிட்டு இரண்டு தட்டுகளைக் காட்டினார். ஒன்றில் வெளிச்சம் காட்டாத பழங்கள், பச்சை மயிர் முளைத்துக் கிடந்தன. இன்னொன்றில் வெளிச்சம் காட்டியவை, நேற்றுப் பறித்ததுபோல இருந்தன.

"இது சாதா வெளிச்சம் இல்லம்மா. புற ஊதா. கண்ணுக்குத் தெரியற நீலம் சும்மா கொஞ்சந்தான், வேலை செய்யறது கண்ணுக்குத் தெரியாது. பூஞ்சையைக் கொன்னுடும்."

"பழத்துக்கு வலிக்காதா அண்ணே?" என்றாள் ரேடியோ.

"வலிக்கும். அதுதான் விஷயமே. லேசா ஒரு அடி வாங்கினா தோல் உஷாராயிடும். உள்ளுக்குள்ள தானே மருந்து சுரந்துக்கும். அதுக்கப்புறம் பூஞ்சை வந்தாலும் கிட்ட நெருங்க முடியாது. அளவு மிஞ்சினா மட்டும் தோல் கருகிடும்."

"எங்க வீட்டுல தெனமும் லேசா வாங்கிட்டுத்தான் இருக்கேன். ஒண்ணும் சுரக்கக் காணோம்."

சிரிப்பு அடங்கியதும் தொட்டியக்கா வாய் திறந்தாள். அவள் கேள்வி கேட்பதே அதிசயம் என்பதால் எல்லாரும் திரும்பினார்கள்.

"எதுக்கு இருட்டுல வைக்கணும்?"

"வெளிச்சம் காட்டின உடனே வெயில்ல வச்சா, அரைகுறையா செத்த பூஞ்சை பொழைச்சு எந்திரிச்சிடும். இருட்டுல இருந்தா பொழைக்காது."

அவள் தலையாட்டினாள். கூண்டுக்காரர் கடைசியாக, "திரையைத் தூக்கி உள்ள யாரும் பாக்காதீங்க. கண்ணுக்கு ஆகாது" என்று மட்டும் சொன்னார். கண்ணுக்கு என்றுதான் சொன்னார். கூண்டின் பக்கவாட்டில் நிறைய எழுதி ஒட்டியிருந்தது, காலண்டரில் இருந்த அதே பாஷையில்.

அன்று முழுக்க அவள் விரல் இடுக்கைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தாள். இதுவும் பூஞ்சைதான். குழந்தை டாக்டரே அந்த வார்த்தையைச் சொன்னதாகச் சின்னவள் சொல்லியிருந்தாள். பழத்தின் தோல் தோல் என்றால் கையின் தோல் என்ன, தகரமா?

சாப்பாட்டு நேரத்தில் கூண்டுக்காரர் பெல்ட்டை நிறுத்திவிட்டு டீக்கடைக்குப் போவார். விளக்குகளை அணைக்கமாட்டார். அணைத்து அணைத்துப் போட்டால் சீக்கிரம் கெட்டுவிடும் என்று கணக்கு. மற்றவர்கள் கொட்டகைக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்து சாப்பிடும்போது, தொட்டியக்கா கையைத் துடைத்துக்கொண்டு கூண்டின் வாய்க்குப் போனாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு ரப்பர்ப் பட்டைக்குள் கையை விட்டாள். சுடவில்லை. அடுப்பைப் போல, வெயிலைப் போல ஒன்றும் இல்லை. உள்ளே ஏதாவது நடக்கிறதா என்றே சந்தேகமாக இருந்தது. பழம் உருள்வதுபோலக் கையைப் புறமும் உள்ளுமாகத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். விரல்களை அகல விரித்தாள். பிறகு வெளியே எடுத்து, வெளிச்சம் படாமல் கறுப்புத் துணியில் சுற்றிக்கொண்டு, வேலை தொடங்கும்வரை இருட்டறையின் கதவோரம் உட்கார்ந்திருந்தாள். முறை தவறக்கூடாது என்பதில் அவள் கவனமாக இருந்தாள்.

மறுநாள் கை லேசாகச் சிவந்திருந்தது. அரிப்பு குறைந்த மாதிரியும் இருந்தது. வேலை செய்கிறது என்று நினைத்தாள். அடுத்த சில நாட்களும் கொஞ்ச நேரம், கொஞ்ச நேரமாகக் காட்டினாள். ரேடியோ மோப்பம் பிடித்துவிட்டாள்.

"தனியா எங்கக்கா போற? யாரையாவது பாத்து வச்சிருக்கியா?"

"ஆமா."

"ஐயோ, யாருக்கா?"

"போ, உன் வேலையைப் பாரு."

மாப்பிள்ளைக்கு வேறு ஊருக்கு மாற்றல் என்பது முன்பே தெரியும். மாதக் கடைசியில் கிளம்புவதாக இருந்தது. அதற்குள் கை காய்ந்துவிடும் என்பது அவள் கணக்கு. ஆனால் ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் முன்னறையில் அட்டைப் பெட்டிகள்.

"அங்க வீடு கெடச்சிருச்சுக்கா. இவர் நாளன்னிக்கே வண்டி சொல்லிட்டார்."

"இவ்வளவு சீக்கிரமா?"

"என்ன பண்றது? நல்ல வீடு. விட்டா போயிடும்."

அவள் கையை முன்னால் நீட்டிக் காட்டினாள். "பாரு, முன்னைக்கு இப்போ தேவலை."

சின்னவள் தூரத்தில் நின்றபடியே எட்டிப் பார்த்தாள். "செவந்துபோயிருக்கேக்கா. இன்னும் அதிகமாயிடுச்சா?" என்றாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரம் முழுவதும் அவள் கூண்டில் நின்றாள். இரண்டு கைகளையும் முழங்கை வரை உள்ளே விட்டாள். விளக்குக்கு நேர் கீழே இருக்கிறதா என்று பார்க்கத் திரையை ஒதுக்கிக் குனிந்தாள். ஒருமுறை அல்ல, கை வலித்து இறங்கும்போதெல்லாம் குனிந்தாள். உள்ளே தகடு முழுக்கக் கண்ணாடிபோல மினுமினுத்தது. அந்த நீலத்தில் தன் கைகள் வேறு யாருடைய கைகளோபோலச் சுத்தமாகத் தெரிந்தன. நாளைக் காலையில் இந்தக் கையால்தான் என்று நினைத்துக்கொண்டாள். அவசரமாகப் போன கூண்டுக்காரர் அன்று பெல்ட்டைக் காலி செய்யவில்லை. அவள் கைக்குப் பக்கத்தில் சில பழங்கள் அசையாமல் கிடந்தன. அவற்றை அவள் கவனிக்கவில்லை.

விடியும்போது கண்ணைத் திறக்க முடியவில்லை. இமைக்குள் யாரோ கைநிறைய மணலை வாரிப் போட்டதுபோல இருந்தது. தண்ணீராகக் கொட்டியது. கைகள் வீங்கி, தொட முடியாமல் எரிந்தன. சின்னவள் பெட்டி கட்டுகிற மும்முரத்தில் இருந்தாள். "என்னக்கா இது, போற நாள் அதுவுமா?" என்று அழுதாள். குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வருவது? கடைசியில் ரேடியோதான் வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

டாக்டர் இமையைப் பிரித்து மருந்து விட்டார். "வெல்டிங் வேலை பாக்கறவங்கதான் இப்படி வருவாங்க. நீ என்னம்மா வேலை பாக்கறே?"

"பழம் கழுவறோம் டாக்டர்" என்றாள் ரேடியோ. பிறகு நடந்ததை எல்லாம் அவளே சொன்னாள். தொட்டியக்கா வரும் வழியில்தான் அதை அவளிடம் சொல்லியிருந்தாள். ரேடியோ முதல்முறையாக ஒரு விஷயத்தை மெதுவான குரலில் சொன்னாள்.

"பழத்தைக் காட்டற விளக்குல கையைக் காட்டுவாங்களா? பழத்துக்குக் கண்ணு இருக்கா, புண்ணு இருக்கா? மேல இருக்கற செத்த தோலைத் தாண்டி உள்ள போகாத புண்ணுக்குக் கையையே பொசுக்கியிருக்கே." அவர் திட்டிக்கொண்டே நர்ஸை விட்டுக் கட்டுப்போடச் சொன்னார். கண்ணுக்கும் பஞ்சு வைத்து மூடினார்கள். இரண்டு மூன்று நாளில் கண் சரியாகிவிடும் என்றார். "எரிஞ்சது ஆறினதும் இந்த மருந்தைப் போடு. விடாமப் போட்டா ஒரு மாசத்துல உன் பூஞ்சை காஞ்சிடும். இதுக்குப் போயி..."

மருந்துக் கடை வாசலில் ரேடியோ பையைப் பிரித்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். "இது கண்ணுக்கு விடறது. இது வலி மாத்திரை. இது அந்தப் புண்ணுக்கு. ஆனா இதுல காலு படம் போட்டிருக்கேக்கா. மாத்திக் குடுத்துட்டானா?"

"என்ன படம்?"

"ஒரு பாதம். அதைச் சுத்திப் பச்சையா ஒரு வளையம்."

தொட்டியக்கா அப்படியே நின்றாள். "கேளு" என்றாள். "கைக்கும் போடலாமான்னு கேளு."

ரேடியோ கடைக்காரரிடம் கேட்டாள். "காலு, கை, எங்க இருந்தாலும் இதுதாம்மா. பூஞ்சைக்குக் காலுன்னு கைன்னு தெரியுமா?" என்றார் அவர்.

வீட்டு வாசலில் வண்டியில் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. ரேடியோ அவளைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். மாப்பிள்ளையின் செருப்புச் சத்தம் பக்கத்தில் வந்ததும் தொட்டியக்கா கேட்டாள்.

"மாப்பிள்ளை, காலண்டர்ல இருக்கே ஒரு மருந்து. அது கைக்கும் போடலாமாமே?"

"போடலாமே. அதுதானே எங்க கம்பெனில அதிகமா ஓடற சரக்கு."

"உங்க பையில இருக்குமா?"

"சாம்பிள் எப்பவும் இருக்கும். ஏன், இப்போ வேணுமா?" அவர் குரலில் ஒரு கள்ளமும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவருக்கும் எதுவோ உறைத்திருக்க வேண்டும். "நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். "வேலையோட வர்ற புண்ணு, அது அப்படித்தான் இருக்கும்னு நெனச்சுட்டேன்."

"எனக்கு மருந்தைப் பத்தி என்னக்கா தெரியும்?" என்றாள் சின்னவள். அவளை யாரும் கேட்கவில்லை.

வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். சின்னவள் கிட்டே வந்தாள். பால் வாசனை வந்தது.

"அக்கா, கையை நீட்டு. பிள்ளையைத் தூக்கிக்கோ."

"கை சரியாகலையே."

"அதான் கட்டுப் போட்டிருக்கே. சுத்தமா வெள்ளைத் துணி. ஒட்டாது."

மடியில் கனம் இறங்கியது. அவள் கட்டுப்போட்ட கைகளை இரண்டு பக்கமும் கொடுத்து அணைத்தாள். அழுத்தினால் எரிந்தது, அழுத்தாவிட்டால் துணி மட்டுந்தான் தட்டுப்பட்டது. முதுகு எது, பிடரி எது என்றுகூடப் பிடிபடவில்லை. குழந்தை எப்போதும்போலக் காலை உதைத்தது. முகத்தை அருகே கொண்டுபோகக் குனிந்தாள். கண்ணில் வைத்த பஞ்சின் மருந்து வாடைக்குக் குழந்தை வீறிட்டது.

"சீக்கிரம் ஒரு போட்டோ எடுங்க" என்றாள் சின்னவள் புருஷனிடம். "கடைசிவரைக்கும் பெரியம்மாகிட்ட பிள்ளையைக் குடுக்கலைன்னு நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது."

போட்டோ எடுத்தார்கள். பிறகு கனம் எழுந்து போனது. வண்டிச் சத்தம் தெருமுனை திரும்பும்வரை அவள் கைகளை அதே மாதிரி வளைத்தே வைத்திருந்தாள். ரேடியோ வந்து அவற்றை மெல்ல இறக்கி மடியில் வைத்தாள்.

கொட்டகையில் விஷயம் வெளிப்பட்டது பழங்களால்தான். கூண்டில் கிடந்த பழங்கள் ஒரு பக்கம் மட்டும் தவிட்டு நிறத்தில் கருகியிருந்தன. சூப்பர்வைசர் கூண்டுக்காரரைத் திட்ட, அவர் எல்லாரையும் விசாரிக்க, ரேடியோ உண்மையைச் சொன்னாள். "நல்ல பழத்தை வீணாக்கிட்டாளே" என்றாராம் சூப்பர்வைசர். கையைப் பற்றிக் கேட்டாரா என்று தொட்டியக்கா கேட்டாள். "கேட்டாரு. எப்போ வேலைக்கு வருவான்னு கேட்டாரு."

கண் சரியானது. கையில் பழைய தோல் உரிந்து புதுத் தோல் வந்தது. ஆறியதும் அவள் டாக்டர் சொன்னபடி மருந்தை விடாமல் போட்டாள். தண்ணீரில் கை வைக்காத அந்தச் சில வாரங்களில் விரல் இடுக்கெல்லாம் காய்ந்து மூடியது. நினைவு தெரிந்த நாளாக அவள் பார்த்திராத கைகள். சுவரில் அந்தப் பாதம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது, எடுத்துப்போக மறந்துவிட்டார்கள். அவள் தேதி கிழிக்கவில்லை. அதன் எதிரில் உட்கார்ந்து கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு குறை இல்லை. எந்தத் தாயும் தன் பிள்ளையை நம்பிக் கொடுக்கலாம்.

சின்னவளிடமிருந்து ஒரு தடவை ரேடியோவின் போனுக்கு அந்தப் போட்டோ வந்தது. குழந்தை அழுதுகொண்டிருந்தது. கண்ணில் பஞ்சு வைத்த ஒரு பெண் வேறு பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

வேலைக்குத் திரும்பிய அன்று கூண்டின் மேல் புதிதாக ஒரு படம் ஒட்டியிருந்தது. ஒரு கை, அதன் குறுக்கே சிவப்புக் கோடு. எழுத்துத் தெரியாதவர்களுக்கும் புரியட்டும் என்று ஒட்டியிருக்கிறார்கள். கையுறை அதேதான். தண்ணீர் அதேதான். முதல் இடத்தை யாரும் எடுத்திருக்கவில்லை.

சில நாட்களிலேயே சுண்டுவிரல் இடுக்கு வெளுத்தது. அடுத்த விரலுக்குப் பரவியது. ரேடியோ பார்த்துவிட்டாள்.

"மறுபடியும் வருதேக்கா. அந்த மருந்து வீட்டுல இருக்கில்ல? ராத்திரில போட்டுக்க வேண்டியதுதானே?"

"இருக்கு."

"அப்புறம் ஏன் போடலை?"

தொட்டியக்கா ஒரு பழத்தை அமுக்கிப் பார்த்தாள். கொழகொழத்திருந்தது. ஓரத்துக் கூடையில் போட்டாள்.

"யாரைத் தூக்கறதுக்கு?" என்று கேட்டுவிட்டு, இரண்டு கைகளையும் தண்ணீருக்குள் விட்டாள்.